ஸ்கேன் எடுத்து ரெண்டு கிழமையாகியும் ரேடியேஷன் தொடங்கேல்ல, ஏன் இவ்வளவு சுணக்கம்?

நான் திருமலை ஆள்தான், ரேடியேஷன் பிளான் போடுற பிசிசிஸ்ட் வேலை. உவர்மலையில இருந்து அண்ணாவும் இதையேதான் போன்ல கத்தினவர், பெரியம்மாவுக்கு தொண்டையில கான்சர், தலை அசையாமப் பிடிக்கிற மாஸ்க் செஞ்சாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, இன்னும் கரண்ட் (ரேடியேஷன்தான்) பிடிக்கக் கூப்பிடேல்ல எண்டு.

மெஷினுக்கு கியூ இருக்கிறது உண்மைதான், அதை மறைக்கேல்ல. ஆனா அந்த நாளுக்குள்ள வேற வேலையும் நடக்குது. டொக்டர் ஸ்கேன் படத்தில ஒவ்வொரு வெட்டாப் பாத்து கட்டி எது, முள்ளந்தண்டு எது, எச்சில் சுரப்பி எது எண்டு கோடு கீறுவார், பிறகு நாங்க பிளான் போட்டு, ஆளுக்குப் பதிலா ஃபான்டம் எண்ட அளக்கிற பொம்மைய வச்சு மெஷின ஓட்டி, பிளானில இருக்கிற டோஸ்தான் போகுதா எண்டு அளப்பம். டோஸில 3 வீதம், இடத்தில 2 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள்ள 95 வீதப் புள்ளியாவது வரோணும் எண்டுதான் வழமையாப் பாக்கிறது.

இதில ஒரு சிக்கல் இருக்கு, வெளியாக்களுக்கு இது விளங்காது. அந்த அளவு பாஸ் ஆனா பஸ் போர்ட்டில போட்டபடி கிண்ணியாவுக்கு சரியாப் போகுது எண்டுதான் அர்த்தம், நீங்க போகவேண்டியது நிலாவெளி எண்டா அது அதுக்குத் தெரியாது. 2006ல கிளாஸ்கோவில ஒரு பிள்ளைக்கு 58 வீதம் கூட டோஸ் போனது, மெஷின் ஒழுங்காத்தான் ஓடினது, பேப்பரில இருந்த எண்தான் பிழை.

அதுக்குத்தான் இன்னொரு டொக்டர் உக்காந்து பாக்கோணும். எங்கட மீட்டிங்கில ஒருக்கா, பிளான் அழகா இருக்கு, எண் எல்லாம் சரி, எனக்கே பெருமையா இருந்தது, மற்ற டொக்டர் ஸ்கேன உருட்டிக்கொண்டு போய் "இடப்பக்க நெறிய (நிணநீர்க் கணு) விட்டிட்டீங்களே" எண்டார். திரும்பக் கீறி, திரும்ப பிளான், நாலு நாள் போச்சு. அந்த ஆளின்ர வீட்டாக்களும் எங்கள ஏசியிருப்பாங்கள்.

தலை, கழுத்து கான்சர் ஆக்களின்ர பிளான்கள திரும்ப எடுத்துப் பாத்து 2010ல வந்த ஆய்வு ஒண்டு இருக்கு. விதிப்படி போட்ட பிளான்காரர் ரெண்டு வருஷத்தில 70 வீதம் உயிரோட இருந்தாங்கள், கட்டிக்கு டோஸ் சரியாப் போகாத அளவுக்குப் பெரிய பிழை இருந்தவங்களில 50 வீதம்தான். மருந்து ஒண்டு இந்த வித்தியாசத்தக் குடுத்திருந்தா பேப்பரில முன்பக்கத்தில போட்டிருப்பாங்கள்.

இந்தப் பார்வை முதல் நாளுக்கு முன்னமே நடக்கோணும். நாலஞ்சு தரம் கரண்ட் பிடிச்ச பிறகு ஒருத்தருக்கும் கோட்ட மாத்த மனம் வராது, நானே கண்டிருக்கிறன்.

நீங்க கத்தாம நேரா ரெண்டு கேள்வி கேளுங்க: "பிளானை வேற டொக்டர் பாத்தாச்சா, இப்ப எந்த இடத்தில நிக்குது?" கியூதான் காரணம் எண்டா அதையும் சொல்லுவாங்கள். இடையில மூச்சு முட்டினாலோ ரத்தம் வந்தாலோ தேதி வரும்வரை இருக்காதீங்க, அண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்க.