விறகில் வறுத்த எஸ்பிரெஸோ கலவை: சுவைத்துப் பார்த்து மதிப்பிடுவது எப்படி? (கேள்வி பதில்)

விறகுத் தீயில் வறுத்த எஸ்பிரெஸோ (வெந்நீரை அழுத்தத்தில் செலுத்தி இறக்கும் செறிவான காபி) கலவை ஒன்றை இரண்டு வாரமாகச் சுவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. கலவையில் இரண்டு காபி வகைகள்: 80 சதவீதம் அராபிகா, 20 சதவீதம் ரோபஸ்டா. நடுத்தரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான வறுவல். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, விறகில் வறுத்தது என்றார்கள், வாங்கினேன். புகை வாசனையே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை, ஏமாறவில்லை. பெரும்பாலான விறகு வறுவல் இயந்திரங்களில் அடுப்பு தனியாகவும் கொட்டை சுழலும் உருளை தனியாகவும் இருக்கும். உள்ளே போவது சூடுதான். புகை வேறு வழியாக வெளியேறிவிடும். நன்கு உலர்ந்த கெட்டி விறகு சுத்தமாக எரிந்தால் புகையே குறைவு.

இன்னொன்றும் கவனியுங்கள். கொட்டையில் இருக்கும் லிக்னின் போன்ற பொருள்கள் கடும் வறுவலில் சிதைந்து குவயாக்கால் என்ற மணப்பொருள் உண்டாகிறது. விறகுப் புகைக்கு மணம் தருவதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. அதனால் கேஸ் அடுப்பில் கருக வறுத்த காபியிலும் புகை மணம் வரும். குடிக்கும்போது சாம்பல் மாதிரி தொண்டையைக் காறினால் அதை 'விறகுச் சுவை' என்று பாராட்ட வேண்டாம். ஈர விறகாக இருந்திருக்கலாம், அல்லது உரிந்த வெள்ளித்தோல் (கொட்டையை ஒட்டிய மெல்லிய தோல்) உள்ளேயே கிடந்து புகைந்திருக்கலாம். அது குறைதான்.

கேள்வி: அப்படியானால் விறகினால் என்னதான் வித்தியாசம்?

தீயின் வேகம். கேஸைத் திருகினால் உடனே சூடு குறையும். விறகுத் தீ அப்படி உடனே சொல் கேட்காது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து எவ்வளவு சூடு வேண்டும் என்பதை வறுப்பவர் இப்போதே கணித்து விறகு வைக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் நிதானமாகத்தான் வறுப்பார்கள். நேரம் கூடும்போது கூர்மையான புளிப்பு தணியும், வாயில் ஒரு உருண்டையான கனம் வரும். எஸ்பிரெஸோவில் எல்லாச் சுவையும் செறிந்து வருவதால், தணிந்த புளிப்பு அதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஆபத்தும் இதே இடத்தில்தான். வறுவலின் நடுவே தீ தணிந்து சூடு ஏறாமல் நின்றுவிட்டால், கொட்டை வறுபடாமல் வெந்த மாதிரி ஆகிவிடும். நிறம் சரியாக இருக்கும். ஆனால் இனிப்பே இருக்காது, காய்ந்த ரொட்டி போலச் சப்பென்று இருக்கும். மாறாகத் தீ திடீரென்று தூக்கினால் கொட்டையின் தட்டையான பக்கத்தில் கரும்புள்ளி விழும், நுனி தீயும். ஒரு கைப்பிடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள், ஒன்றிரண்டைக் கடித்தும் பாருங்கள். நான் மெஷினைப் போடும் முன்னால் தவறாமல் செய்வது இது. ஆனால் கொட்டைக்குக் கொட்டை நிறம் மாறுகிறது என்பதற்காக மட்டும் தள்ளிவிடாதீர்கள். கலவையின் பகுதிகளைத் தனித்தனியாக வறுத்துப் பிறகு கலந்தால் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: என்ன அளவில் ஷாட் (ஒரு தடவை இறக்கும் எஸ்பிரெஸோ) எடுத்துச் சுவைக்கிறீர்கள்?

18 கிராம் தூள், கோப்பையில் இறங்கும் காபி 36 கிராம், 25 முதல் 30 வினாடி, தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ், 9 பார் அழுத்தம். இத்தாலியின் தேசிய எஸ்பிரெஸோ நிறுவனம் வகுத்த அளவு வேறு: 7 கிராம் தூள், 25 வினாடி, நுரையோடு சேர்த்து 25 மில்லி. எதை எடுத்தாலும் சரி, தூளின் எடையை மாற்றாமல் அரைக்கும் பருமனை மட்டும் மாற்றுங்கள். பருமனை மாற்றியதும் வரும் முதல் ஷாட்டை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பழைய தூள் கிரைண்டரில் மிச்சம் இருக்கும்.

கேள்வி: இனிப்பு நாக்கு நுனியில், கசப்பு அடிநாக்கில் என்று படித்தேன். அப்படிப் பிரித்துச் சுவைக்க வேண்டுமா?

வேண்டாம். அந்த நாக்கு வரைபடம் தவறு. எல்லாச் சுவையும் நாக்கில் சுவை மொட்டு உள்ள எல்லா இடத்திலும் தெரியும். வாய் முழுக்கப் பரவும்படி சத்தமாக உறிஞ்சுங்கள்.

கேள்வி: கிரீமா (எஸ்பிரெஸோவின் மேல் நிற்கும் நுரை) தடிமனாக வந்தால் நல்ல கலவை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. புதிதாக வறுத்த கொட்டையில் கரியமில வாயு அதிகம், அதனால் நுரையும் அதிகம். ரோபஸ்டா சேர்ந்தாலும் கூடும். மேலே இருக்கும் கிரீமாவைத் தனியாக நக்கிப் பாருங்கள், கசக்கும். அதனால் கலக்கிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். வறுத்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆன கொட்டையைத்தான் நான் மதிப்பிடுவேன்.

கேள்வி: ஐயா, எனக்குப் புளிப்பும் கசப்பும் குழம்புகிறது. இரண்டுமே முகத்தைச் சுளிக்க வைக்கிறது.

புளிப்பு எச்சில் ஊற வைக்கும், சட்டென்று போய்விடும். கசப்பு மெதுவாக வந்து தங்கும். வாய் உலர்ந்து இழுத்தால் அது துவர்ப்பு. புளிப்பு தூக்கலாக இருந்தால் இன்னும் பொடியாக அரையுங்கள், கசப்பு என்றால் சற்றுப் பருமனாக.

கேள்வி: 80 புள்ளிக்கு மேல் என்று பையில் போட்டிருக்கிறார்கள். அப்புறம் நாம் எதற்கு மதிப்பிட வேண்டும்?

அந்த 80 (நூற்றுக்கு) பொதுவாகப் பச்சைக் கொட்டையின் தரத்துக்கானது. சிறிதளவு கொட்டையை இளவறுவலாக வறுத்து, வெந்நீரில் ஊறவைத்துச் சுவைத்துத் தருவது. விறகில் வறுத்தவரின் கைத்திறனையோ உங்கள் கோப்பையையோ அது சொல்லாது.

நான் செய்வது இது. தூளை முகர்ந்து முதலில் தோன்றும் சொல்லை எழுதுகிறேன். சூடாக ஒரு மிடறு, ஐந்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பாக இன்னொரு மிடறு. கடைசியில் மிச்சத்தோடு இரண்டு மடங்கு வெந்நீர் சேர்க்கிறேன். செறிவில் ஒளிந்திருந்தது எல்லாம் அப்போது பிரிந்து தெரியும். இந்தக் கலவை சூட்டில் கறுப்பு சாக்லேட், வறுத்த பாதாம். ஆறியபின் உலர்ந்த அத்திப்பழ இனிப்பு வந்தது. அந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தண்ணீர் சேர்த்ததும் ஒரு மெல்லிய மரத்தூள் வறட்சி தெரிந்தது. ரோபஸ்டா என்று நினைக்கிறேன். நல்ல கலவை, ஆனால் குடித்தபின் வாயில் தங்கும் சுவை இன்னும் சுத்தமாக இருந்திருக்கலாம். பால் சேர்த்தால் இந்தக் குறை மறைந்துவிடுகிறது. அதனால் பாலோடு மட்டும் குடித்து மதிப்பிட வேண்டாம்.

கேள்வி: விறகில் வறுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பேன் என்கிறார் நண்பர். நம்பலாமா?

மூன்று கோப்பை வைத்துப் பாருங்கள். இரண்டில் விறகில் வறுத்த காபி, ஒன்றில் கேஸில் வறுத்தது, அல்லது இதற்கு நேர்மாறாக. எது வேறு என்று அவர் சொல்ல வேண்டும். கொட்டையும் வறுவல் நிறமும் ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் கண்டுபிடிப்பது விறகை அல்ல. குத்துமதிப்பாகச் சொன்னாலே ஆறு சுற்றில் சராசரியாக இரண்டு சரியாகிவிடும். ஐந்தோ ஆறோ சரியென்றால் நண்பரை நம்பலாம்.

இதே கொட்டையைக் கேஸில் வறுத்து வாங்கி நானும் செய்து பார்த்தேன். ஆறில் நான்கு சரி. வெறும் ஊகத்திலேயே நான்கு அல்லது அதற்கு மேல் வர பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால், விறகு எனக்குத் தெரிகிறது என்று இன்னும் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் பன்னிரண்டு சுற்று வைக்கப்போகிறேன்.