'தி பெங்குவின்': ஆஸ் காப் எப்படி மேலே ஏறினான்? கேள்வி பதில்

எச்.பி.ஓ. 2024-இல் வெளியிட்ட 'தி பெங்குவின்' தொடரைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. எட்டு அத்தியாயங்களையும் மூன்று முறை பார்த்திருக்கிறேன்; பேட்மேன் காமிக்ஸைப் பள்ளி நாள்களிலிருந்தே படித்து வருகிறேன். முதல் மூன்று பதில்கள் எல்லோருக்கும் உரியவை. அதன் பிறகு கடைசிக் காட்சிவரை பேசியிருக்கிறேன். தொடரைப் பார்க்காதவர்கள் அங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்து முடித்துத் திரும்பி வாருங்கள்.

பேட்மேன் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எனக்குப் புரியுமா?

புரியும். மாட் ரீவ்ஸ் இயக்கிய 'தி பேட்மேன்' (2022) படம் முடிந்து ஒரு வாரத்தில் இந்தக் கதை தொடங்குகிறது. இரண்டு செய்திகள் போதும். காத்தம் நகரத்தின் பெரிய தாதா கார்மைன் ஃபால்கோனி சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டான். ரிட்லர் என்பவன் கடல்தடுப்புச் சுவரை வெடிவைத்துத் தகர்த்ததால் ஏழைகள் வாழும் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கிவிட்டன. நாற்காலி காலி, ஊர் நாசம். ஃபால்கோனியின் இரவு விடுதியைக் கவனித்துக்கொண்டிருந்த ஆஸ் காப் அந்த நாற்காலியைப் பார்க்கிறான். பேட்மேன் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வான் என்று காத்திருக்காதீர்கள். எட்டு அத்தியாயங்களிலும் அவன் தலைகாட்டுவதில்லை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா, அண்ணா?

வேண்டாம், தம்பி. காமிக்ஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

குடை, உயரத் தொப்பி, ஒற்றைக்கண்ணாடி எல்லாம் எங்கே? பெயரைக்கூட மாற்றிவிட்டார்களே!

பெங்குவின் முதலில் தோன்றியது 1941 டிசம்பரில், 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 58-ஆம் இதழில். முழுப்பெயர் ஆஸ்வால்ட் செஸ்டர்ஃபீல்ட் காபல்பாட். 1966 தொலைக்காட்சித் தொடரில் பர்ஜெஸ் மெரிடித்தும், 1992 படத்தில் டேனி டிவிட்டோவும் நடித்தது அந்தக் குடைக்காரனைத்தான். காமிக்ஸில் அவனுக்குச் சீமான் தோரணை உண்டு.

இந்தத் தொடரை உருவாக்கிய லாரன் லெஃப்ராங்க் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். இவன் ஆஸ் காப். வறுமையில் வளர்ந்தவன். பிறவியிலேயே பாதம் வளைந்திருப்பதால் விந்தி விந்தி நடக்கிறான். 'பெங்குவின்' என்ற பட்டப்பெயர் அந்த நடைக்கு ஊர் வைத்த கேலி. அவனுக்கு அது அறவே பிடிக்காது. குடை இல்லாததில் எனக்கு வருத்தமே இல்லை. குடை இருந்திருந்தால் அவனை வேடிக்கை பார்த்திருப்போம். இந்த நடையைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

இனி கதையை உடைத்தே கேட்கிறேன். எடுபிடி வேலை பார்த்த ஒருவன் ஒரு நகரத்தையே எப்படிப் பிடிக்க முடியும்? நம்பும்படி இருக்கிறதா?

இருக்கிறது. தொடரின் பெரிய பலமே இதுதான் என்பேன். அவனிடம் படை இல்லை, பணம் இல்லை, பரம்பரைப் பெயரும் இல்லை. இருப்பது வாய் ஒன்றுதான். எதிரில் நிற்பவர் எதற்காக ஏங்குகிறார் என்பதை ஒரு நொடியில் மோப்பம் பிடித்து, அதையே கதையாகத் திரித்து அவரிடமே விற்றுவிடுகிறான். ஃபால்கோனி குடும்பத்திடம் விசுவாசி, சிறையிலிருக்கும் எதிரிக் கும்பல் தலைவன் மரோனியிடம் கூட்டாளி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேரம் பேசுகிறான். அகப்பட்டுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் முந்தைய பொய்யைவிடப் பெரிய பொய்யைச் சொல்லித் தப்புகிறான்.

சரக்கும் அப்படித்தான் கைக்கு வருகிறது. ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் கைதிகளை அடக்கிவைக்கக் கொடுத்த மருந்து ஒன்று, காளானிலிருந்து எடுப்பது. அதுவே 'பிளிஸ்' என்ற புதிய போதைப்பொருளாகிறது. அதன் ரகசியம் தெரிந்தவள், அங்கே அடைபட்டுக் கிடந்த கார்மைனின் மகள் சோஃபியா ஃபால்கோனி. அவளோடு கூட்டுச் சேர்கிறான்.

கடைசி அத்தியாயத்தின் திருப்பத்தைக் கவனித்தீர்களா? மற்றக் கும்பல்களின் தலைவர்கள் சோஃபியா பக்கம் சாய்கிறார்கள். ஆஸின் ஆள் விக்டர் அந்தத் தலைவர்களுக்கு அடுத்த படியில் நிற்பவர்களிடம் போகிறான். காலமெல்லாம் கார் கதவைத் திறந்துவிட்டு, மேலே வர வழியில்லாமல் நின்றவர்கள். அவர்களே தத்தம் தலைவர்களைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். ஆஸும் அப்படி நின்றவன்தான். அந்தப் பசி அவனுக்குத் தெரியும் என்பதால்தான் இந்தத் திட்டம் பலிக்கிறது. அதற்குப் பிறகு நகரமன்ற உறுப்பினர் ஒருவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, பழியை எதிரிகள் தலையில் கட்டி, தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்கிறான்.

சோஃபியாவை வில்லி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் தவறாகப் பார்க்கிறேனா?

இல்லை அம்மா, நானும் அப்படித்தான் பார்த்தேன். நான்காவது அத்தியாயம் முழுக்க அவளுடையது. பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் அவளுடைய தந்தை கார்மைன். அவள் தாயும் அவன் கையால்தான் இறந்தாள். சோஃபியாவுக்கு அந்தச் சந்தேகம் வந்ததும், 'ஹேங்மேன்' என்று பெயர் சூட்டி, கொலைகளையெல்லாம் அவள்மேலேயே போட்டு ஆர்க்கத்துக்கு அனுப்பிவிடுகிறான். அவள் ஒரு பத்திரிகையாளரைச் சந்தித்ததைக் கார்மைனிடம் போட்டுக்கொடுத்தவன் அன்று அவளுக்குக் கார் ஓட்டிய ஆஸ். அவளுக்கு மனநிலை சரியில்லை என்று உறவினர்கள் கடிதம் எழுதித் தருகிறார்கள். சகோதரன் ஆல்பர்ட்டோ ஒருவன்தான் அவள் பக்கம் நின்றான். பத்து வருடம் உள்ளே போய்விட்டது.

வெளியே வந்தவள் மஞ்சள் உடை உடுத்திக் குடும்ப விருந்தில் எழுந்து பேசுகிறாள். அன்றிரவு வீட்டில் நச்சுவாயு பரவுகிறது. ஒரு குழந்தையை மட்டும் வெளியே கொண்டுவந்துவிட்டு, காலையில் முகமூடி மாட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து பார்க்கிறாள். அவள் செய்ததை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்த பெரியவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் எனக்கு வரவில்லை. சோஃபியாவாக நடித்த கிறிஸ்டின் மிலியோட்டிக்கு 2025-இல் எம்மி விருது கிடைத்தபோது என் வீட்டில் யாருக்கோ கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன்.

அம்மாமேல் அவ்வளவு பாசம் வைத்திருப்பவன் முழுக்கக் கெட்டவனாக இருக்க முடியுமா?

அந்தப் பாசத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிறுவன் ஆஸ் தன் சகோதரர்கள் ஜாக், பென்னி இருவரும் சுரங்கப்பாதைக்குள் இறங்கியபோது கதவை அடைத்துவிடுகிறான். மழை கொட்டுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பழைய நடனப் படம் ஒன்றைப் பார்க்கிறான். அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் இருவரையும் காப்பாற்றிவிடலாம். அவன் வாய் திறக்கவில்லை. அம்மா முழுவதுமாகத் தனக்குக் கிடைத்துவிட்டாள் என்ற நிம்மதி அந்தச் சிறுவன் முகத்தில் தெரிகிறது. தொடரில் என்னை மிகவும் நடுங்கவைத்த காட்சி அதுதான். அம்மா பிரான்சிஸுக்கும் பிற்பாடு உண்மை தெரியும் என்பது இன்னும் கொடுமை.

விக்டரை ஏன் கொன்றான்? இன்னும் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

என்னாலும் முடியவில்லை, தம்பி. வெள்ளத்தில் குடும்பத்தையே பறிகொடுத்த, திக்கித் திக்கிப் பேசும் பையன். ஆஸின் காரில் சக்கரம் திருட வந்து அகப்பட்டு, அவனுக்கு வலக்கையாகிறான். அந்தக் கும்பல் ஆட்களிடம் பேசி வெற்றியைத் தேடித் தந்தவனும் அவன்தான். எல்லாம் முடிந்த இரவில் ஆற்றோரப் பெஞ்சில் இருவரும் அமர்கிறார்கள். ஆஸைத் தன் குடும்பமாக நினைப்பதாக விக்டர் சொல்கிறான். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் ஆஸ் அவன் கழுத்தை நெரிக்கிறான். பிறகு பையனின் பர்ஸிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையை ஆற்றில் எறிகிறான்.

விக்டர் துரோகம் எதுவும் செய்யவில்லை. ஆஸ் அழுததை, பயந்ததை, தாய்க்காக உடைந்ததை அவன் பார்த்துவிட்டான். அம்மாவை வைத்துத்தான் சோஃபியா தன்னை மடக்கினாள் என்பதை ஆஸ் மறக்கவில்லை. தனக்கு வேண்டியவர் என்று இன்னொருவர் உலகில் இருந்தால் அது இன்னொரு கைப்பிடி என்று கணக்குப் போடுகிறான். விக்டராக நடித்த ரென்ஸி ஃபெலிஸ் அந்தக் கடைசி நொடிகளில் ஏதும் புரியாமல் பார்க்கும் பார்வை நெடுநாள் என்னை விடவில்லை.

ஆஸாக நடித்தது உண்மையிலேயே காலின் ஃபாரெல்தானா?

அவரேதான். மைக் மரினோ வடிவமைத்த ஒப்பனை. அவ்வளவு கனமான முகமூடிக்குள்ளிருந்து கண்களாலும் மூச்சாலும் நடித்ததற்கு 2025-இல் கோல்டன் குளோப் விருது கிடைத்தது.

மறுபடி பார்ப்பதென்றால் எதைக் கவனிக்கச் சொல்வீர்கள்?

முதல் அத்தியாயத்தின் தொடக்கம். ஆஸ் தன் பேட்டையில் வாழ்ந்த ரெக்ஸ் கலாப்ரீஸ் என்ற பழைய தாதாவைப் பற்றி ஆல்பர்ட்டோவிடம் சொல்கிறான். அக்கம்பக்கத்தார் பெயரெல்லாம் அவனுக்குத் தெரியும், இறந்தபோது ஊரே ஊர்வலம் போனது என்று நெகிழ்ந்து சொல்கிறான். ஆல்பர்ட்டோ சிரிக்கிறான். உடனே ஆஸின் துப்பாக்கி வெடிக்கிறது. இதை வைத்துக்கொண்டு கடைசிக் காட்சிக்குப் போங்கள். மாடிக் குடியிருப்பு, கீழே முழு நகரம். அம்மா பக்கத்து அறையில் நினைவில்லாமல் கிடக்கிறாள். அம்மாவின் உடையை ஈவ் என்ற பெண்ணுக்கு உடுத்தி, தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசச் சொல்லி, அவளோடு ஆடிக்கொண்டிருக்கிறான் ஆஸ். அவன் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, வானத்தில் பேட்மேனை அழைக்கும் வௌவால் வெளிச்சம் எரிகிறது.