சாவி திரும்பவில்லையா? முதலில் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள்

வீட்டு ரிப்பேர் பகுதிக்கு இந்த முறை சுங்கை சிப்புட்டிலிருந்து நான்கு கடிதங்கள். நான்குமே பூட்டைப் பற்றி. மழை பிடித்துக்கொண்டால் மரக்கதவுகள் இப்படித்தான் ஆளாளுக்கு எழுத வைக்கும்.

கேள்வி: எங்களுடையது பலகை வீடு. முன்கதவு மாமனார் காலத்தது. உள்பக்கம் பெட்டி மாதிரி ஒரு பூட்டு, வெளிப்பக்கம் வட்டமாகப் பித்தளைச் சாவித்துளை. இரண்டு மாதமாகச் சாவி லேசில் திரும்புவதில்லை. கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டால்தான் திரும்புகிறது. பூட்டு மொத்தத்தையும் கழற்றிவிட்டுப் புதுசு போடணும் என்கிறார் பூட்டுக்காரர். சாவித்துளையை மட்டும் மாற்ற முடியாதா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முடியும் அம்மா. அந்த வட்டமான பாகத்துக்கு சிலிண்டர் என்று பெயர். அது தனியாகவே கிடைக்கும், பெட்டி அப்படியே இருக்கலாம். ஆனால் "இழுத்துப் பிடித்தால் திரும்புகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்தால் உங்கள் சிலிண்டர் மேல் குற்றமே இல்லாமலும் இருக்கலாம்.

கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு திரும்பினால் பூட்டு நன்றாக இருக்கிறது, கோளாறு கதவில். ஈரத்தில் மரம் ஊதியிருக்கும், அல்லது மேல் கீலின் ஸ்குரு தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். அப்போது பூட்டின் நாக்கு, நிலைச்சட்டத்தில் உள்ள தகட்டின் ஓரத்தில் அழுந்தி நிற்கும். நீங்கள் இழுக்கும்போது அந்த அழுத்தம் விடுபடுகிறது, சாவி திரும்புகிறது. நாக்கின் மேல் கொஞ்சம் கண்மையைத் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தால், எந்த ஓரத்தில் உரசுகிறது என்று தகட்டில் கறுப்பாகப் பதிந்திருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்றால் அரத்தால் தகட்டின் ஓரத்தைத் தேய்த்துவிடலாம். அதற்கு மேல் என்றால் முதலில் கீல் ஸ்குருக்களை இறுக்குங்கள். மழையில் ஊதிய கதவை உடனே சீவித் தள்ளாதீர்கள். வெயில் அடித்ததும் மரம் சுருங்கி, சீவிய இடத்தில் சந்து விழும்.

திறந்த கதவிலும் சாவி முரண்டு பிடித்தால், பூட்டு வாங்கியபோது வந்த, அதிகம் புழங்காத சாவியைத் தேடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். சிலிண்டருக்குள் வரிசையாக ஐந்தாறு பித்தளைப் பின்கள் இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன ஸ்பிரிங். சாவியின் பள்ளங்கள் எல்லாப் பின்களையும் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் உள்ளுருளை சுழலும். நகலைக் கொண்டு நகல், அதைக் கொண்டு இன்னொரு நகல் என்று வெட்டினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அளவு பிசகும். பழைய சாவி ஒழுங்காகத் திரும்பினால் அதை வைத்து ஒரு நகல் வெட்டிக்கொண்டால் போதும்.

வெளியே இருந்து சிலிண்டரை விரலால் ஆட்டியும் பாருங்கள். ஆடினால் உள்ளே இரண்டு ஸ்குரு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு சிலிண்டர்தான் தேய்ந்துவிட்டது என்று தெரிந்தால் மாற்றுங்கள். சாவி தொலைந்திருந்தாலும், முன்பு குடியிருந்தவர்கள் கையில் சாவி இருக்கிறது என்றாலும் இந்தச் சோதனைகளே வேண்டாம், நேரே மாற்றிவிடலாம். தோட்டத்து நிர்வாகம் கொடுத்த வீடு என்றால் முதலில் கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கடைகள் திறந்திருக்கும் காலை நேரத்தில், வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும்போது ஆரம்பியுங்கள். பழைய சிலிண்டரைக் கையில் கொண்டு போவதுதான் உத்தமம். அதோடு கதவின் கனத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த வகை சிலிண்டருக்கான துளை பெரும்பாலும் 32 மில்லிமீட்டர் விட்டம். உங்கள் கதவில் அதுதானா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கழற்றும்போது கதவு திறந்தே இருக்கட்டும், அடியில் ஆப்பு வையுங்கள். பெட்டியைப் பிடித்திருக்கும் பழைய ஸ்குருக்களின் பள்ளத்தில் சாயம் அடைத்திருக்கும். கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தின் முழு அகலத்துக்கும் பொருந்துகிற ஸ்குரு டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் லேசாக ஓர் அசைவு, பிறகு தளர்த்தும் பக்கம். எடுத்த எடுப்பில் தளர்த்தப் போனால் ஸ்குருவின் தலை வழுக்கிக்கொள்ளும், பிறகு டிரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பெட்டி கழன்று வந்ததும் பின்னால் ஒரு தகடு தெரியும். அதன் வழியாக இரண்டு நீள ஸ்குரு சிலிண்டருக்குள் போயிருக்கும். நடுவில் தட்டையான ஒரு பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். சாவி திரும்புவதைப் பூட்டுக்குச் சொல்கிற வால் அது. சாவியை எடுத்துவிட்டால் அந்த வால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, படுத்தா நிமிர்ந்தா என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் வெளியே சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளே அந்த இரண்டு ஸ்குருவையும் கழற்றினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும்.

புது சிலிண்டரின் வாலும் ஸ்குருவும் வேண்டுமென்றே நீளமாக இருக்கும். எல்லாக் கதவுக் கனத்துக்கும் பொருந்தட்டும் என்று அப்படிச் செய்து, ஒடிப்பதற்குச் சிறு சிறு வெட்டுக்கோடுகளும் போட்டிருப்பார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். சிலிண்டரைக் கதவில் நுழைத்துப் பார்த்து, கதவின் உள்முகத்துக்கு வெளியே 10 முதல் 15 மில்லிமீட்டர் வால் நீட்டும்படி குறித்துக்கொள்ளுங்கள். பழைய வாலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு சிலிண்டரை வெளியே எடுத்து, குறிக்கு அருகிலுள்ள கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு குறடால் பிடித்து முன்னும் பின்னும் வளைத்தால் ஒடியும். முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள். வால் குட்டையாகிவிட்டால் பூட்டுக்குள் எட்டாது, சாவி சும்மா சுற்றும், இன்னொரு சிலிண்டருக்குக் காசு கொடுக்க வேண்டியதுதான். நீளமாக விட்டால் பெட்டி கதவோடு ஒட்டி உட்காராது. அதை ஸ்குருவால் இறுக்கி உட்கார வைத்தால் வால் உள்ளே முட்டிக்கொள்ளும். புதுசாகப் போட்ட பூட்டே இறுக்கமாக இருக்கிறது என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு ஸ்குருக்களையும் இதே போல ஒடிக்கலாம். நீளம் அதிகமானால் அடியில் முட்டி நின்றுவிடும், சிலிண்டர் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்குரு எல்லாம் இறுகிய மாதிரித் தெரிந்தும் சிலிண்டர் ஆடுகிறது என்றால் இதுதான் விஷயம்.

பெட்டியை மாட்டும் முன் அதன் பின்புறத் துவாரம் வால் நிற்கும் வாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் அம்புக்குறி போட்ட சுழல்தட்டு இருக்கும். குறிகள் நேருக்கு நேர் வந்தால்தான் வால் நுழையும். எல்லாம் மாட்டியதும் கதவு திறந்திருக்கும்போதே பத்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். உள்ளே ஓர் ஆள் நிற்க, கையில் சாவியோடு வெளியே போய் அதன் பிறகு சாத்துங்கள். பூட்டு மாற்றுகிற அன்றைக்குத்தான் ஊரில் பாதிப் பேர் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பழைய கதவில் ஸ்குருத் துளைகள் பெருத்துப் போயிருக்கும். சாத்தே குச்சியை மரப்பசையில் தோய்த்து, கொள்ளும் மட்டும் துளைக்குள் செருகி, முகத்தோடு முகமாக ஒடித்துவிட்டு ஒரு ராத்திரி காயவிடுங்கள். மறுநாள் 2 மில்லிமீட்டர் டிரில்லால் துளை போட்டு ஸ்குருவை ஏற்றினால் கெட்டியாகப் பிடிக்கும். பித்தளை ஸ்குரு என்றால் அதே அளவு இரும்பு ஸ்குருவை ஒரு தடவை ஏற்றி இறக்கிவிட்டு அப்புறம் பித்தளையைப் போடுங்கள். பித்தளை மென்மையானது, கெட்டி மரத்தில் கழுத்தோடு முறிந்துவிடும்.

கேள்வி: தாமான் வீடு, கைப்பிடி வைத்த பூட்டு. சிலிண்டர் கதவின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் வகை. கதவின் விளிம்பில் இருந்த நீள ஸ்குருவைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் பழைய சிலிண்டர் நகர மாட்டேன் என்கிறது. தட்டி எடுக்கலாமா? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தட்டாதீர்கள் தம்பி. சிலிண்டரின் நடுவில் ஒரு பல் இருக்கிறது, அது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தடுக்கிறது. சாவியைப் போட்டு மெல்லத் திருப்பிக்கொண்டே இழுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி திரும்பியதும் பல் உடலோடு மறையும், சிலிண்டர் நழுவி வரும். புதியதைப் போடும்போதும் இதே வித்தைதான்.

வாங்கும்போது மொத்த நீளத்தை மட்டும் சொன்னால் போதாது. ஸ்குருத் துளையின் மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு என்று அளக்க வேண்டும். 30/40 என்பதும் 35/35 என்பதும் கூட்டினால் 70தான், கதவில் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. வெளிப்பக்கத் தகட்டை விட 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டவும் கூடாது. இந்தச் சிலிண்டருக்கு உடம்பில் மெலிந்த இடம் அந்த ஸ்குருத் துளைதான். நீட்டிக்கொண்டிருந்தால் திருடர்கள் குறடு போட்டு அங்கேயே ஒடித்துவிடுவார்கள். ஸ்குருவை அளவாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் சிலிண்டர் சாய்ந்து சாவி பிடிக்கும்.

கேள்வி: பூட்டுக்கு மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் விடுகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. எண்ணெயில் தூசி ஒட்டிப் பிசினாகி, பின்களைப் பிடித்துக்கொள்ளும். சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் அப்படித்தான். கிராஃபைட் தூள் வாங்கிச் சாவித்துளையில் ஒரு சிட்டிகை ஊதிவிடுங்கள். கிடைக்காவிட்டால் பென்சில் கூரைச் சாவியின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்து, ஐந்தாறு முறை நுழைத்து எடுத்தால் போதும். ஏற்கெனவே எண்ணெய் குடித்த பூட்டில் தூள் போட்டால் சேறாகிவிடும். முதலில் ஸ்பிரே கிளீனரால் கழுவிக் காயவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயது எண்பது. ராத்திரி முன்கதவை உள்ளே இருந்து சாவியால் பூட்டி, சாவியை சாமி அறையில் வைத்துவிடுகிறோம். கிரில்லுக்கும் தனிப்பூட்டு. பாதுகாப்புதானே?

பதில்: திருடனுக்குப் பாதுகாப்பு, தீக்கு ஆபத்து. கிரில் சாவியை எட்டும் இடத்தில் வையுங்கள் என்று தீயணைப்புத் துறையும் சொல்லி வருகிறது. முன்கதவுக்கு வெளியே சாவி, உள்ளே திருகுகுமிழ் உள்ள சிலிண்டராக மாற்றிவிடுங்கள். அப்போது உள்ளே சாவி தேட வேண்டியதில்லை. கதவில் கண்ணாடி இருந்தால் மட்டும், குமிழ் அதிலிருந்து கை எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரில் சாவியை வாசலுக்கு உள்ளே, வெளியே இருந்து எட்டாத ஓர் ஆணியில், அம்மாவின் கை உயரத்தில் மாட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டு அம்மாவையே ஒரு தடவை எடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.