மேடையில் அழுதவர்

கேள்வி: உடம்பையே மூலதனமாக வைத்திருக்கும் குத்துச்சண்டை வீரர்கள் எப்படிப் போதையில் விழுகிறார்கள்?
– மதுரை வாசகர்

பதில்: எனக்கு உடனே ஞாபகம் வருபவர் ஆலிவர் மெக்கால். 1994இல் லண்டன் வெம்ப்ளியில் லெனாக்ஸ் லூயிஸை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்து ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டம் வாங்கியவர். 1997 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் அதே லூயிஸுடன் மறுபடி மோதல். அதற்குள் மெக்கால் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கும் நிலை. மூன்றாவது சுற்று முடிந்ததும் தன் மூலைக்குப் போய் உட்கார மறுத்தார். அப்புறம் கையைத் தொங்கவிட்டபடி நடந்தார், அழுதார். ஐந்தாவது சுற்றில் நடுவர் மில்ஸ் லேன் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மெக்காலைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் திட்டுவது அவரை மேடையேற்றியவர்களை.

சரி, தோற்றவர்தான் விழுவாரா? டைசன் ஃபியூரி ஜெயித்தபின் விழுந்தார். 2015இல் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் கிளிட்ஷ்கோவை வென்றதும் மன அழுத்தம், குடி, கொக்கெய்ன், ஏகத்துக்கும் எடை. காரணம் இதுதான்: இந்த வீரர்களுக்குப் பல மாதம் பயிற்சி முகாமில் சாப்பாடு, தூக்கம் எல்லாமே கணக்கு. சண்டை முடிந்த மறுநாள் கேட்க ஆளில்லை. கையில் பணம், சுற்றிலும் கூட்டம். ஃபியூரி 2018இல் திரும்பிவந்தார். அந்த டிசம்பரில் அமெரிக்க சாம்பியன் வைல்டரின் அடியில் கடைசிச் சுற்றில் மல்லாந்து விழுந்தும், எழுந்து ‘டிரா’ செய்தார்.