விண்வெளி நிலையத்துல இருக்கிறவங்க உண்மையில என்ன வேலை செய்றாங்க? சும்மா மிதந்து வீடியோ எடுக்கத்தானா இவ்வளவு காசு?

கேட்ட தம்பி இன்னும் வேலைவெட்டிக்கு போகத் தொடங்கல்ல எண்டு நினைக்கன், இல்லாட்டி ஏசி ரூமுக்க இருந்து செய்ற வேலையா இருக்கும். கோவிக்காதீங்க. "சும்மா இரிக்காங்க, சம்பளம் எடுக்காங்க" எண்ட கதைய 19 வருசமா என்ட காதாலயே கேட்டு வாறன், அதால இந்தக் கேள்விய கண்டதும் எழுதாம இருக்க ஏலல்ல.

நான் விஞ்ஞானி இல்ல. இலங்கையில வாழைச்சேனைப் பக்கம் ஒரு ஐஸ் பெக்டரியில மெக்கானிக், ஓஎல் பரீட்சையோட பள்ளிப் படிப்பு முடிஞ்சிது. கொமெண்டுல வந்து "நீ எங்க படிச்ச" எண்டு கேக்கப்போற ஆக்களுக்கு இதுதான் பதில். ஆனா அந்த நிலையத்துக்கும் எனக்கும் ஒரு சொந்தம் இரிக்கி, அதுட பேர் அமோனியா. எங்கட பிளான்டுல ஐஸ் உறைய வைக்கிற அதே சாமான்தான் அங்க வெளிப்பக்கத்து பைப்புக்குள்ளால ஓடி, மெசின்கள்ட சூட்ட எடுத்துட்டு போய் பெரிய பெரிய தகடுகளால வெளிய விடுது. நஞ்செண்டதால உள்ளுக்க விடமாட்டாங்க, உள்ளுக்க ஓடுறது வெறும் தண்ணி. எங்கட இடத்துலயும் அப்பிடித்தான், அமோனியா கொயிலுக்க, அதச் சுத்தி உப்புத்தண்ணி, அந்த உப்புத்தண்ணிக்குள்ள இறக்கின டின்னுக்குள்ளதான் ஐஸாகிற தண்ணி, ஒண்டோட ஒண்டு முட்டவே முட்டாது. இத எத்தின பேருக்கு சொல்லிட்டன், இன்னும் பேஸ்புக்கில ஐஸ்கட்டிட படத்த போட்டு "நடுவுல வெள்ளையா இரிக்கி, கெமிக்கல்" எண்டு எழுதுறாங்க. அது காத்து கா, காத்துக் குமிழி! தண்ணி வெளிப்பக்கத்தால உறைஞ்சி வர கரைஞ்சிருந்த காத்தெல்லாம் நடுவுக்கு தள்ளுப்படுது. சரி அத விடுவம்.

அவங்கட மணிக்கூடு கிரீன்விச் நேரம். காலையில 6 மணிக்கு எழும்பினா எங்களுக்கு பகல் 11.30, ராவு 9.30க்கு படுத்தா இஞ்ச சாமம் 3 மணி. அப்ப நான் நைட் டியூட்டியில நிண்டு நாள்கணக்கா கடல்ல நிண்டு மீன் புடிக்கிற மல்டிடே போட்டுக்கு ஐஸ் அரைச்சி குடுக்கிற நேரத்துல அவங்களும் முழிச்சித்தான் இரிக்காங்க. 90 நிமிசத்துக்கு ஒருக்கா பூமிய சுத்துறதால ஒரு நாளைக்கு 16 தரம் விடியுது, சூரியன பார்த்து எழும்ப வெளிக்கிட்டா பைத்தியம்தான் புடிக்கும். காலையிலயும் பின்னேரமும் கீழ இரிக்கிற கட்டுப்பாட்டு அறைகளோட கதைச்சி அண்டைய வேலைய பிரிச்செடுக்கணும். எலும்பு மாசத்துக்கு 1 வீதத்துக்கு மேல கரையுறதால ரெண்டு ரெண்டரை மணித்தியாலம் எக்சசைஸ், அதுவும் ஓடுற மெசினில தோளால பட்டி போட்டு கீழ இழுத்துக் கட்டிக்கிட்டு. சனிக்கிழமை வீடு துப்புரவாக்கிற வேலை. காணாமப்போன சாமான் கடைசியா காத்து இழுக்கிற வலையில வந்து ஒட்டிக்கிட்டு நிக்குமாம், வேக்கூம் அடிக்கக்குள்ள கையில மாட்டும்.

ஆராய்ச்சி இல்லையா எண்டா இரிக்கி. இஞ்ச விளக்குத் திரியில நெருப்பு கூம்பி நிக்கிறது சூட்டுக்காத்து மேல எழும்புறதால, அங்க மேல கீழ எண்டே இல்லாததால நெருப்பு உருண்டையா எரியும், அத வச்சி எரிபொருள் எப்பிடி எரியுது எண்டு படிக்கிறாங்க. 2015ல அங்க வளத்த லெட்டூஸ் இலையத் திண்டு பார்த்தாங்க. 2025 ஜூன்ல போன இந்தியாக்காரர் சுபான்ஷு சுக்லா பயறும் வெந்தயமும் முளைக்க வச்சார், எங்கட பொம்பிளையள் துணியில கட்டி வைக்கிற அதே பயறுதான். அவங்கட ரத்தம், மூத்திரம் எல்லாம் எடுத்து மைனஸ் 80 பாகை பிறீசருக்க வைக்கிறாங்க. நான் பிடிச்சிக்கிறது அந்த இடத்தத்தான். குளிர் நிண்டா எல்லாம் நிண்டிரும். 2013 டிசம்பர்ல அமோனியா பம்புக்குள்ள ஒரு வால்வு பிழைச்சி கொஞ்சம் கொஞ்சம் மெசின்கள நிப்பாட்டி வச்சாங்க, நத்தாருக்கு முதல் நாள் ரெண்டு பேர் வெளிய போய் பம்ப மாத்தி முடிச்சாங்க. அந்த வீடியோவ எத்தின பேர் பார்த்திருப்பீங்க? மிதந்து மிதந்து தண்ணி குடிக்கிற வீடியோவத்தானே எல்லாரும் ஷெயார் பண்ணுறது.

எனக்கு நடந்தத சொல்றன். நாலு வருசத்துக்கு முதல், மார்கழி மழை, ராவு ஒரு மணியிருக்கும், வோச்சர் தொண்டைய புடிச்சிக்கிட்டு ஓடி வாறார். லீக். கண்ணு எரியுது, மாஸ்க்க எடுத்தா அதுட டப்பா காலாவதியாகி ரெண்டு வருசம், புதுசு வாங்கித் தாங்க எண்டு நான் சொல்லிச் சொல்லி அலுத்த சாமான் அது. துவாய நனைச்சி மூஞ்சையில கட்டிக்கிட்டு குனிஞ்சி போய் அமோனியா வாற மெயின் வால்வ, கிங் வால்வ எண்டுறது, பூட்டிட்டன். மறுகா கம்பிரஸர ஓட விட்டு கேஸ இழுத்துக்கிட்டு, கந்தகத் திரிய கொளுத்தி ஒவ்வொரு மூட்டா காட்டிக்கிட்டு போனா ஒரு வால்வுட கழுத்தடியில வெள்ளைப் புகை கிளம்புது. அமோனியா கந்தகப் புகையோட சேர்ந்தா அப்பிடி வரும். (2013 மே மாசம் நிலையத்துல லீக் வந்தப்ப வெளிய வெள்ளைத் துணுக்கு பறந்தத ஆக்கள் கண்டுதான் புடிச்சாங்க, அத வாசிச்சப்ப எனக்கு மயிர் சிலிர்த்திட்டு.) பிளான்ட நிப்பாட்டி, வால்வுக்க லீக் வராம அடைக்கிற பேக்கிங்க கழட்டினா மரை முழுக்க துரு, ஒரு பிரஷ்ஷும் உள்ள போகல்ல, கடைசியில என்ட பேக்குல கிடந்த பல்லு பிரஷ்ஷால தேய்ச்சி எடுத்தன். ரெண்டு மணித்தியாலம். விடிய போட்டுக்காரன் வரக்குள்ள ஒரு கட்டி குறைவில்ல.

எட்டு மணிக்கு மொதலாளி வந்து மீட்டர பார்த்திட்டு கேட்டது, "ராவு கம்பிரஸர் நிண்டிருக்கே, படுத்திட்டியா தம்பி?"

மெக்கானிக்மாரெல்லாம் உத்தமர் எண்டு நான் சொல்லல்ல, படுக்கிற ஆக்களும் இரிக்காங்க, நானும் படுத்திருக்கன்.

2012 ஓகஸ்ட்ல சுனிதா வில்லியம்சும் ஜப்பான்காரர் அகிஹிகோ ஹொஷிடேயும் நிலையத்துக்கு வெளிய போய் கரண்ட பிரிச்சிக் குடுக்கிற பெட்டி ஒண்ட மாத்தப் பார்த்தாங்க, போல்ட் இறங்கல்ல, குழிக்குள்ள உலோகத் தூள். பெட்டிய கட்டி வச்சிட்டு உள்ள வந்து, இருந்த சாமான்கள வச்சி தாங்களே கருவி செஞ்சாங்க, அதுல ஒண்டு பல்லு பிரஷ். செப்டம்பர் 5ஆந் திகதி திரும்பப் போய் துப்புரவாக்கி போல்ட்ட இறுக்கிட்டாங்க. அந்த பிரஷ்ஷ பத்தி உலகம் முழுக்க நியூஸ். என்ட பிரஷ்ஷுக்கு 120 ரூபா எண்டு பில்லுல எழுதினத்த மொதலாளி சிவப்பு பேனையால வெட்டி, "சொந்தச் செலவு" எண்டு பக்கத்துல எழுதித் தந்தார்.