ஏற்றத்தில் எந்த கியர்?
சைக்கிள் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் ஆசிரியை. வார நாட்களில் லேத் பட்டறை, விடுமுறை நாட்களில் சைக்கிள். நெடுந்தூரப் பயணம், உள்ளூர்ப் போட்டி, பழைய சைக்கிள்களைப் பிரித்துக் கோர்ப்பது எல்லாம் உண்டு.)

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏற ஆசை மேடம். என்னிடம் இருப்பது பழைய ரோடு பைக். முன்னால் சின்னப் பல் சக்கரம் 39, பின்னால் பெரியது 25. இறங்கித் தள்ள வேண்டி வருமா?
– வாசகர், பீளமேடு

தூரம் சுமார் 33 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் அளவில் இருக்கிறது, கோத்தகிரி 1,790-ஐ ஒட்டி. ஆக 1,450 மீட்டருக்கு மேல் ஏறப் போகிறீர்கள். சராசரியாக 100 மீட்டருக்கு நாலரை மீட்டர் ஏற்றம். கேட்க பயமாக இல்லை, ஆனால் நடுவில் மூச்சு வாங்க சமதளமே கிடைக்காது என்பதுதான் இந்த ரோட்டின் குணம்.

கணக்கைப் பாருங்கள். 39-க்கு 25 என்றால் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி 3.3 மீட்டர் போகும். ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வருகிறது என்றால் நிமிடத்துக்கு 45 சுற்றுதான் மிதிப்பீர்கள். ஒவ்வொரு மிதியும் முட்டியில் போய் விழும். மூன்றரை மணி நேரம் அப்படி மிதிக்க வேண்டாம். முன்னால் 34 போடலாமே என்று கடையில் சொல்வார்கள். உங்கள் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) ஐந்து போல்ட் இருக்கும் வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர் என்றால் 38-க்குக் கீழே பல் சக்கரம் உட்காரவே உட்காராது, முழு கிராங்கையும் மாற்ற வேண்டும். அதைவிடப் பின்னால் பெரியது 32 பல் உள்ள கேசட்டும் (பின் பல் சக்கர அடுக்கு), அதற்குத் தகுந்த நீளக் கை டீரெய்லியரும் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) போடுவது செலவு குறைவு. அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 58 சுற்று வரும். அந்த வித்தியாசத்தை அரவேணு தாண்டும்போது உங்கள் முட்டியே சொல்லும்.

விடிந்த பிறகு கிளம்புங்கள், இருட்டில் வேண்டாம். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில் யானைகள் ரோட்டுக்கே வரும். சைக்கிளில் சத்தம் இல்லாததால் நாம் வருவது அதற்குத் தெரியாது. வளைவில் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும் பஸ்ஸோ காரோ ஹாரன் அடிக்காமல் காத்துக்கொண்டிருந்தால், நீங்களும் நில்லுங்கள். அது கிளம்பிய பின், அதன் பின்னாலேயே போய்விடுங்கள்.

ஏறுவது சரி, இறங்கும்போதுதான் எனக்குக் கை நடுங்குகிறது.
– வாசகி, குன்னூர்

பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்குவதால்தான் கை நடுங்குகிறது. ரிம்மைக் கவ்வும் பிரேக் என்றால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வெளிப்பக்கக் காலைக் கீழே அழுத்தி, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பாருங்கள். பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் பள்ளத்துக்கே போகும். வேகத்தில் இறங்குவது வீரம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தாத்தா ஓட்டிய பழைய ஹெர்குலிஸ் ஒன்று பரணில் கிடக்கிறது. ராடு பிரேக், இரும்பு மட்கார்ட். பளபளவென்று பெயின்ட் அடித்து, இப்போது வரும் வீல், பிரேக் எல்லாம் மாட்டி ஓட்டலாமா?
– வாசகர், காரைக்குடி

பெயின்ட் டப்பாவை மூடி வையுங்கள் தம்பி! ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்த அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949-இல் தொடங்கியது. அங்கிருந்து வந்த வண்டிகள் இன்னும் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. பழைய கறுப்பு பெயின்ட்டும் ஃப்ரேமில் ஒட்டிய எழுத்தும் ஒரு தடவை போனால் திரும்ப வராது. சோப்புத் தண்ணீர், அப்புறம் மெழுகு, அவ்வளவு போதும். ஹேண்டில்பாரில் துரு பூத்திருந்தால் சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமின் மேலே படிந்த துரு கிளம்பிவிடும்.

புது வீல் மாட்டுவதில் ஒரு சிக்கல். உங்கள் வண்டியின் 28 x 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. இப்போது ரோடு பைக்கில் வருவது 622. ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் மேல் நோக்கி அழுத்துகிறது, பக்கவாட்டில் கவ்வுவதில்லை. வீலை மாற்றினால் பிரேக், பிரேக்கை மாற்றினால் கைப்பிடி, இப்படி இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் தாத்தாவின் வண்டியில் ஃப்ரேம் மட்டும் மிஞ்சும். பழைய ரிம்மையே கோட்டம் எடுத்து, அறுந்த போக்ஸ் கம்பியை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு டயர் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

உண்மையான வேலை கிராங்கில்தான். கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருப்பது காட்டர் பின் என்கிற ஆப்பு. வருஷக்கணக்கில் துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு விடும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். மறுநாள் நட்டைக் கழற்றுங்கள், ஆனால் முழுதாக எடுக்க வேண்டாம். நட்டின் மேல் விளிம்பும் பின்னின் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், மரை நசுங்காது. கிராங்குக்கு அடியில், பின்னின் தலை நுழையும் அளவுக்கு ஒரு கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பேரிங் குண்டுகள் மேல் இறங்கி, அவை உருளும் கப்பில் பள்ளம் விழுந்துவிடும். முட்டுக் கொடுத்த பின் கனமான சுத்தியலால் ஒரே அடி. தட்டித் தட்டிப் பார்த்தால் பின் வளையும், வராது. என் மாணவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். முதல் அடியில் ‘டக்’கென்று பின் இறங்கும் சத்தம் கேட்டதும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உள்ளே போனதும் நினைவில் வைக்க வேண்டியது, வலப்பக்கத்து கப்புக்கும் இடது பெடலுக்கும் மரை எதிர்த்திசையில். மற்றதெல்லாம் வழக்கம்போல. அச்சின் இரண்டு பக்கமும் கால் அங்குல குண்டுகள், கூண்டு இல்லாமல் தனித்தனியாகப் போட்டால் பக்கத்துக்குப் பதினொன்று. பழைய குண்டை மறுபடி போடாதீர்கள், புதுசுக்கு ஆகும் காசு டீச் செலவுதான். திரும்ப மாட்டும்போது இரண்டு காட்டர் பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது. முதல் சில நாள் ஓட்டிய பின் நட்டை மறுபடி இறுக்குங்கள். ஆப்பு கொஞ்சம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவும் செய்தால் வண்டி ஓடும். கனமாக இருக்கும், ஏற்றத்தில் திணறும், அது அதன் இயல்பு. கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் குளத்தங்கரைக்கும் அதைவிட நல்ல வண்டியை நான் பார்த்ததில்லை.

பி.ஆர்.எம். என்கிறார்களே, அது ரேஸா அக்கா? கல்லூரி மாணவன் நான் கலந்துகொள்ளலாமா?
– வாசகர், ஈரோடு

ரேஸ் இல்லை தம்பி, நெடுந்தூர சைக்கிள் பயணம். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் இருக்கும் கட்டுப்பாட்டு இடங்களில் உங்கள் அட்டையில் பதிவு வாங்க வேண்டும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. டீ குடிக்கிற நேரம், பஞ்சர் ஒட்டுகிற நேரம் எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம். இந்த நான்கையும் ஒரே வருடத்தில் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்ற பெயர். இந்த வகைப் பயணங்களில் பேர் பெற்றது பிரான்சில் 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம், நான்கு வருடத்துக்கு ஒரு தடவை. 2023-இல் நடந்தது, அடுத்தது 2027. அந்த வருடமே நான்கு தூரத்தையும் முடித்துத் தகுதி பெற வேண்டும்.

தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். 200-க்குத் தேவை வேகம் இல்லை. மணிக்கு 20-இல் போனால் பத்து மணி நேரம், மீதி மூன்றரை மணி நேரம் கையில் நிற்கும். அதைக் கடையில் உட்கார்ந்து செலவழிக்காமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். பசிக்கும் முன் சாப்பிடுங்கள். மணிக்கு இரண்டு வாழைப்பழம், இல்லையென்றால் பழம் ஒன்று, கடலை மிட்டாய் ஒன்று. உப்புப் போட்ட மோர் கிடைத்தால் விடாதீர்கள். இனிப்பு ஜெல் பாக்கெட் எல்லாம் முதல் பயணத்துக்கு வேண்டாம், வயிறு பழகாது.

நம் பக்கம் ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு சங்கதி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்குச் சும்மா பழமொழி கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும், அந்தக் காற்றாலைகளெல்லாம் அதற்காகத்தான் நிற்கின்றன. அந்த மாதங்களில் நீங்களாகப் பயிற்சிக்குப் போனால் விடியற்காலையில் மேற்கே போய்விடுங்கள், வெயில் ஏறிக் காற்றும் ஏறும்போது முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பலாம். மாற்றிப் போனால் கடைசி 40 கிலோமீட்டர் தீராது.

46 வயது. சைக்கிளே ஓட்டத் தெரியாது. இனிமேல் கற்றுக்கொண்டால் ஊர் என்ன சொல்லும் என்று கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, புதுக்கோட்டை

புதுக்கோட்டையிலிருந்து இந்தக் கேள்வியா சகோதரி! 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் உங்கள் மாவட்டத்தில்தான் ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று எல்லோரும். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துப் படிப்போடு சைக்கிளையும் சேர்த்தார்கள். பெண் எங்கே போக வேண்டுமென்றாலும் பஸ்ஸுக்கோ வீட்டு ஆணுக்கோ காத்திருக்கிற நிலை அதனால் மாறியது. உங்கள் தெருவிலேயே அப்போது கற்றுக்கொண்ட ஒரு அம்மா இருப்பார், விசாரித்துப் பாருங்கள். அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

முறை மட்டும் நான் சொல்கிறேன். இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள் (இடது பெடல் எதிர்த்திசையில் கழலும்). சீட்டை இறக்கி, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படும்படி வையுங்கள். லேசான சரிவில் காலால் உந்தி, தூக்கி, உந்தி, தூக்கிப் பழகுங்கள். யாரும் பின்னால் கேரியரைப் பிடிக்க வேண்டாம். பிடிக்கிறவர் இருக்கும்வரை உடம்பு தானாகச் சமாளிக்கக் கற்காது. பேலன்ஸ் வந்த பின் பெடலை மாட்டுங்கள். சேலையென்றால் செயின் கார்டு முழுதாக மூடிய வண்டியாக வாங்குங்கள்.

முதல் தடவை டைம் டிரையல் போட்டியில் பெயர் கொடுத்திருக்கிறேன். 20 கிலோமீட்டர். கடைசி வாரம் என்ன செய்யலாம்?
– வாசகர், சேலம்

கடைசி வாரம் புதிதாக எதையும் செய்யக் கூடாது. புது டயர், புது ஷூ, புது சாப்பாடு எதுவும் வேண்டாம். செயினை மட்டும் அளந்து பாருங்கள். எஃகு அளவுகோலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது, எட்டில் ஒன்று தள்ளியிருந்தால் கேசட்டின் பல்லையும் தின்றிருக்கும். அப்படித் தெரிந்தால் போட்டி நாளுக்கு நான்கைந்து நாள் முன்பே மாற்றி ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தனித்தனியாக நேர இடைவெளி விட்டு அனுப்புவார்கள். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்று மறைவில் போவது இதில் தப்பு. கூட்டமாகக் கிளம்பும் பந்தயத்தில் அது கலை, இங்கே விதிமீறல். கிளம்பும் முன் இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். முதல் ஐந்து நிமிடம் ‘இது ரொம்பச் சுலபமாக இருக்கிறதே’ என்று தோன்ற வேண்டும். அந்த வேகம்தான் சரியான வேகம். பாதிக்கு மேல் அதே வேகம் கஷ்டமாகும், கடைசி மூன்று கிலோமீட்டரில் மிச்சமில்லாமல் கொடுத்துவிடுங்கள். எனக்கு முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் முடிப்பார்கள். ஆனால் போன வருட நேரத்தைவிட இந்த வருடம் கொஞ்சம் குறைந்திருந்தால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வராது, அத்தனை சந்தோஷம்.

என் கணவர் ஞாயிறு அதிகாலை சைக்கிளை எடுத்தால் மதியம்தான் வருகிறார். வந்ததும் தூங்கிவிடுகிறார். பிள்ளைகளும் நானும் காத்திருக்கிறோம். நீங்களும் ஓட்டுகிறவர்தானே, நியாயம் சொல்லுங்கள்.
– வாசகி, திருச்சி

நியாயம் உங்கள் பக்கம். நல்ல பழக்கம் என்பதற்காக ஒரு வீட்டின் ஞாயிறு முழுவதையும் ஒருவர் எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் சைக்கிள் பக்கமே வர மாட்டார். அதனால் பேசி வைத்திருக்கிறோம். சாதாரண ஞாயிறு என்றால் நான் நான்கரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீட்டில் இருப்பேன். காற்று அடித்து, பாட்டில் நிரப்பி, உடுப்பு எடுத்து வைப்பதெல்லாம் சனி இரவே. வந்ததும் குளித்துவிட்டு அன்றைய சமையல் என்னுடையது. பி.ஆர்.எம். போன்ற நீண்ட பயணம் எந்தத் தேதி என்று வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் வட்டம் போட்டுவிடுவேன், வீட்டில் எல்லோரும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பணம் கட்டுவேன். கல்யாணம் காட்சி வந்தால் வட்டத்தை அழித்துவிடுவேன்.

உங்கள் கணவர் மதியம் தூங்குவதற்கு வழியில் சாப்பிடாமல் ஓட்டுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஐந்து மணி நேரம் ஓட்டினால் உடம்பு சுருண்டுவிடும். பழமும் மிட்டாயும் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவரே எடுத்து வைக்கட்டும், நீங்கள் அதற்காக எழுந்திருக்க வேண்டாம்.