மோட்டார் ஓட்டும் கோடிங்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் மோட்டார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். கேளுங்கள்.

காவேரிப்பட்டணம் ஆசிரியை: ஏழாம் வகுப்புக்கு எதில் தொடங்கலாம் சார்?

கம்ப்யூட்டரை மூடி வையுங்கள் டீச்சர். மஞ்சள் பிஓ மோட்டார் (பொம்மை வண்டிக்குப் போடும் பல்சக்கரம் வைத்த சின்ன மோட்டார்) ஒன்று, பென்சில் செல் இரண்டு, அவ்வளவுதான். ஒயரை மாற்றிப் பிடித்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், அதைத் தானே கண்டுபிடித்து ஒரு பிள்ளை "சார், ரிவர்ஸ்!" என்று கத்தினால் பாதிப் பாடம் முடிந்தது, ஏனென்றால் ஆர்டுயினோவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்கும் டிரைவர் போர்டுக்குள் நாலு சுவிட்ச் செய்வதும் அதே ஒயர் மாற்றும் வேலைதான். அப்புறம் வேகம். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை நொடிக்குச் சுமார் 490 தடவை போட்டுப் போட்டு அணைக்கிறோம், இதுதான் பிடபிள்யூஎம். கோடிங்கில் 255 கொடுத்தால் முழு நேரமும் ஆன், 128 என்றால் பாதி நேரம். 50 கொடுத்தால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும், பிள்ளைகள் கோடிங்கை அழிக்கப் பாய்வார்கள். சக்கரத்தை விரலால் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள், பல சமயம் ஓடிவிடும். பேட்டரியின் மைனஸையும் ஆர்டுயினோ கிரவுண்டையும் (அதன் மைனஸ் முனை) சேர்க்க மறக்காதீர்கள்.

பாலக்கோடு மாணவன்: அண்ணா, மோட்டாரை நேரா ஆர்டுயினோவில் ஒயர் செருகும் பின்னில் கொடுக்கலாமா?

கூடாது தம்பி. ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் நல்லது, 40 உச்ச வரம்பு. சிக்கி நிற்கும் மோட்டார் பல நூறு இழுக்கும். டிரைவர் போடு, கிரவுண்டைச் சேர்.

ஊத்தங்கரை: சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) சேர்த்ததும் 9ஆம் பின் மோட்டார் வேகம் மாறவில்லை.

ஊனோ என்ற ஆர்டுயினோ மாடலில் சர்வோ லைப்ரரி (சர்வோவை ஓட்டும் தயார் கோடிங்) 9, 10 பின்களின் பிடபிள்யூஎம்மை எடுத்துக்கொள்ளும். மோட்டாரை 5ஆம் பின்னுக்கு மாற்றுங்கள்.

ஓசூர்: கட்டம் இழுத்து ஒட்டும் கோடிங் வீண் வேலை, நேராக சி மொழியில் எழுதட்டும்.
அரூர்: ஒரு அரைப்புள்ளி விட்டதற்கே எனக்கு ஒரு பீரியட் போகிறது சார்!

இரண்டு பேருக்கும் சொல்கிறேன். போன மாதம் ஒரு பையன் 'முன்னால் போ', 'பின்னால் வா' கட்டங்களை ஒட்டிவிட்டான், நடுவில் நிறுத்தம் இல்லை, பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தது. சியில் எழுதியிருந்தாலும் உடைந்திருக்கும். சக்கரம் நிற்க நேரம் வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்ததா, அதைப் பாருங்கள். நான் கட்டத்தில் தொடங்கி, அது உண்டாக்கும் சி வரிகளை அன்றைக்கே பக்கத்தில் காட்டுகிறேன்.

தருமபுரி: 9 வோல்ட் சதுர பேட்டரியில் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது.

அது மோட்டாருக்கு ஆகாது. 18650 லித்தியம் செல் இரண்டு போடுங்கள், எல்298 டிரைவர் போர்டு தானே 2 வோல்ட் அளவு தின்னும். கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள்.

பென்னாகரம்: தோட்டத்து போர் மோட்டாரையும் இதில் ஓட்டலாமா?

வேண்டாம். அது பெரும்பாலும் 415 வோல்ட் மூன்று ஃபேஸ், உயிர் போகும். ஸ்டார்டர் பெட்டியை எலக்ட்ரீஷியன் மட்டும் தொடட்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

போச்சம்பள்ளி: சின்ன மோட்டார்தான், நேரா பின்னில்...

பாலக்கோடு தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.